ஆரஞ்சு ஜூஸ் வாங்குமுன், பிழியுமுன்: 16 பயனுள்ள குறிப்புகள்

காய்ச்சலில் படுத்தவரைப் பார்க்கப் போனால் கையில் சாத்துக்குடிப் பை. பரீட்சைக்குக் கிளம்பும் பிள்ளைக்கு ஒரு டம்ளர் ஆரஞ்சு ஜூஸ். திடீரென்று விருந்தாளி வந்தால் ஃப்ரிட்ஜில் இருக்கிற டெட்ரா பேக். நம் வீடுகளில் ஆரஞ்சுக்கு இருக்கிற மரியாதை வேறு எந்தப் பழச்சாற்றுக்கும் இல்லை. அதனாலேயே இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்க வேண்டியிருக்கிறது. இது அசல் ஜூஸ்தானா? இதில் சர்க்கரை எவ்வளவு? பலரும் இந்த இரண்டையும் ஒன்றாக்கி, அசல் என்றால் சர்க்கரை இல்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது சரியல்ல. வீட்டில் நம் கையாலேயே பிழிந்த ஜூஸிலும் சர்க்கரை உண்டு, அதுவும் கணிசமாகவே.

1. முதலில், ஒரு டம்ளருக்குள் என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். எதுவும் சேர்க்காமல் பிழிந்த 100 மி.லி. ஆரஞ்சுச் சாற்றில் கிட்டத்தட்ட 88 பங்கு தண்ணீர். சர்க்கரை 8 முதல் 8.5 கிராம். அதில் பாதி, நாம் காபிக்குப் போடும் அதே வகைச் சர்க்கரை (சுக்ரோஸ்). மீதிப் பாதி குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும். புளிப்புக்குக் காரணமான சிட்ரிக் அமிலம் ஏறக்குறைய 1 சதவீதம். வைட்டமின் சி 50 மி.கி., பொட்டாசியம் 200 மி.கி., ஃபோலேட் 30 மைக்ரோகிராம். நார்ச்சத்து 0.2 கிராம்தான், இல்லை என்றே சொல்லலாம். 250 மி.லி. டம்ளர் என்றால் 21 கிராம் சர்க்கரை உள்ளே போகிறது. தேக்கரண்டிக் கணக்கில் நான்கைந்து. அதே டம்ளரில் வைட்டமின் சி 125 மி.கி. கிடைக்கிறது. பெரியவர்களுக்கு ஒரு நாளுக்கு 65 முதல் 80 மி.கி. போதும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. அதாவது வைட்டமினுக்காகக் குடிப்பவர்களுக்கு முழு டம்ளர் தேவையில்லை.

2. பழமாகவே சாப்பிட முடியுமானால் அதுவே நல்லது. 100 கிராம் சுளையில் 2.4 கிராம் நார்ச்சத்து இருக்கிறது. பிழிந்து வடிகட்டும்போது நாம் குப்பையில் தள்ளுவது இதைத்தான். ஒரு டம்ளர் ஜூஸுக்கு மூன்று பழமாவது வேண்டும். மூன்று பழத்தை உரித்து, சுளை சுளையாக மென்று தின்ன எவ்வளவு நேரமாகும், நடுவில் எத்தனை பேர் போதும் என்று நிறுத்திவிடுவார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஜூஸ் ஒரே மடக்கில் போய்விடுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட சர்க்கரை வழிகாட்டுதலில், முழுப் பழத்தில் உள்ள சர்க்கரையைக் கட்டுப்படுத்தச் சொல்லவில்லை. ஆனால் பழச்சாற்றில் உள்ள சர்க்கரையைக் கட்டுப்படுத்த வேண்டிய பட்டியலில், சீனியுடனும் தேனுடனும் சேர்த்தே வைத்திருக்கிறது. 2000 கலோரி சாப்பிடுகிற ஒருவருக்கு இந்த வகைச் சர்க்கரை நாளுக்கு 50 கிராமைத் தாண்டக் கூடாது. 25 கிராமுக்குள் நின்றால் இன்னும் நல்லது. ஒரு டம்ளர் ஜூஸே 21 கிராம் என்பதை நினைவில் வையுங்கள்.

3. கோலா பானத்தில் 100 மி.லி.க்கு 10.5 கிராம் அளவில் சர்க்கரை. ஆரஞ்சுச் சாற்றில் எட்டரை. சர்க்கரை விஷயத்தில் இரண்டுக்கும் பெரிய தூரமில்லை. வைட்டமினும் பொட்டாசியமும் ஃபோலேட்டும் ஆரஞ்சில் உண்டு, கோலாவில் இல்லை. இந்த வித்தியாசத்துக்காக ஜூஸை மதிக்கலாம். ஆனால் அளவில்லாமல் குடிக்க அது காரணமாகாது.

4. கடையில் டப்பாவை எடுத்ததும் படத்தைப் பார்க்காதீர்கள், பெயரைப் படியுங்கள். பளபளக்கும் ஆரஞ்சுப் படம் எல்லா டப்பாவிலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். உள்ளே இருப்பது என்ன என்பதைச் சொல்வது, சிறிய எழுத்தில் இருக்கும் பெயர்தான்.

'ஜூஸ்' என்றால் பழச்சாறு. 'ரீகான்ஸ்டிட்யூட்டட்' என்று பக்கத்தில் இருந்தால், சாற்றிலிருந்து தண்ணீரை ஆவியாக்கிக் கெட்டியாக்கி, பிறகு மறுபடி தண்ணீர் விட்டுக் கரைத்தது என்று பொருள். பிரேசிலின் சாவோ பாலோ மாநிலத்திலிருந்து கப்பல் கப்பலாக உலகமெங்கும் போவது இந்தக் கெட்டிச் சாறுதான். இது கலப்படமில்லை. ஆனால் கெட்டியாக்கும்போது பழத்தின் வாசனை போய்விடும், அதைப் பிறகு திரும்பச் சேர்ப்பார்கள்.

'ஃப்ரூட் டிரிங்க்', 'ஃப்ரூட் பெவரேஜ்' என்றால் கதையே வேறு. இந்திய விதிப்படி அதில் 10 சதவீதம் பழச்சாறு இருந்தால் போதும். 200 மி.லி. டப்பாவில் 20 மி.லி. சாறு, அதாவது ஒரு மேசைக்கரண்டியும் இன்னும் கொஞ்சமும். மீதியெல்லாம் தண்ணீர், சீனி, அமிலம், மணமூட்டி. பள்ளிப் பையில் வைத்து அனுப்புகிற சின்ன டப்பாக்களில் பெரும்பாலானவை இந்த ரகம்.

5. ஸ்குவாஷ் கணக்கைத் தனியாகப் போட்டுப் பாருங்கள். விதிப்படி ஸ்குவாஷில் குறைந்தது 25 சதவீதம் சாறு இருக்க வேண்டும். கரைந்திருக்கும் திடப்பொருள் குறைந்தது 40 சதவீதம். அதில் பெரும்பங்கு சீனிதான். ஒரு பங்கு ஸ்குவாஷுக்கு மூன்று பங்கு தண்ணீர் விட்டால் உங்கள் டம்ளரில் வரும் சாறு 6 சதவீதம் சொச்சம், சர்க்கரை சுமார் 10 சதவீதம். 'டிரிங்க்' டப்பாவைவிடவும் சாறு குறைவு. விருந்தாளிக்கு ஒரு வேளை கொடுப்பதில் தவறில்லை. உடம்பு தேறட்டும் என்று நோயாளிக்குக் கலக்கிக் கொடுப்பதில் அர்த்தமில்லை.

6. முகப்பில் '100 சதவீதம் பழச்சாறு' என்று கொட்டை எழுத்தில் போட்ட டப்பாக்களை வருடக்கணக்கில் பார்த்திருப்பீர்கள். கெட்டிச் சாற்றில் தண்ணீர் கலந்து செய்யும் ஜூஸுக்கு அந்த வாசகத்தைப் போடக் கூடாது, டப்பாவிலும் விளம்பரத்திலும் எடுத்துவிட வேண்டும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2024 ஜூனில் உத்தரவிட்டது. உட்பொருள் பட்டியலில் முதலில் வருவது தண்ணீர், அதற்கடுத்துத்தான் கெட்டிச் சாறு, பிறகெப்படி நூறு சதவீதம் என்பதே ஆணையத்தின் வாதம். கிலோவுக்கு 15 கிராமுக்கு மேல் இனிப்புச் சேர்த்திருந்தால் 'ஸ்வீட்டன்ட் ஜூஸ்' என்றும் போட்டாக வேண்டும். இந்த இரண்டு சொற்களையும், 'ரீகான்ஸ்டிட்யூட்டட்', 'ஸ்வீட்டன்ட்', தேடிப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

7. உட்பொருள் பட்டியல் எடை வரிசையில்தான் இருக்கும். எது அதிகமோ அது முதலில். தண்ணீர், சர்க்கரை, அதன்பின் ஆரஞ்சு என்ற வரிசை கண்ணில் பட்டால் நீங்கள் காசு கொடுப்பது எதற்கு என்று தெரிந்துவிடும். ஊட்டச்சத்துக் கட்டத்தில் 'மொத்த சர்க்கரை', 'சேர்த்த சர்க்கரை' என்று இரண்டு வரிகள் வரும். இரண்டாவது எண்ணை முதலாவதோடு ஒப்பிடுங்கள். மொத்தம் 13, சேர்த்தது 12 என்றால் பழத்திலிருந்து வந்தது ஒரே ஒரு கிராம். இந்த எண்கள் 100 மி.லி.க்கா, ஒரு வேளைக்கா என்பதையும் கவனியுங்கள். 200 மி.லி. டப்பாவில் 100 மி.லி. கணக்கை மட்டும் படித்துவிட்டு, பரவாயில்லையே என்று வைப்பவர்கள் நிறையப் பேர்.

8. 'சர்க்கரை சேர்க்கவில்லை' என்பது சர்க்கரை இல்லாதது என்றாகாது. பழத்தின் சொந்தச் சர்க்கரை முழுசாக உள்ளே இருக்கும். நீரிழிவு உள்ள பெரியவர்களுக்கு இந்த வாசகத்தை நம்பி வாங்கிக் கொடுப்பதை நிறையப் பார்க்கிறேன், தயவுசெய்து வேண்டாம். எண்களைக் கண்டு பயப்படவும் வேண்டாம். ஐ.என்.எஸ். 330 சிட்ரிக் அமிலம், 300 வைட்டமின் சி, 440 பெக்டின். மூன்றும் ஆரஞ்சிலேயே இருப்பவை. 211ம் 202ம் கெடாமல் காக்கச் சேர்ப்பவை. 110, 102 என்று பார்த்தால் அது செயற்கை நிறம். நல்ல சாறு போதிய அளவு இருக்கிற பானத்துக்கு நிறம் பூச வேண்டிய அவசியம் வராது என்பதால், இந்த இரண்டையும் பார்த்தால் நான் டப்பாவைத் திரும்ப வைத்துவிடுவேன். 950, 951, 955 என்பவை செயற்கை இனிப்பூட்டிகள்.

9. ஜூஸ் அசலா என்று வீட்டில் கண்டுபிடிக்கச் சொல்லி வரும் சோதனைகளை, தண்ணீரில் சொட்டுவது, துணியில் ஊற்றிக் கறை பார்ப்பது, சூடாக்கிப் பார்ப்பது, எதையும் நம்பாதீர்கள். கலப்படம் செய்பவர்கள் அந்தக் கட்டத்தைத் தாண்டி எப்போதோ போய்விட்டார்கள். அடியில் வண்டல் தங்குவதும் பிரிந்து நிற்பதும் நல்ல ஜூஸிலும் நடக்கும். ஒரே சீராகக் கெட்டியாக நிற்பது பெரும்பாலும் பசைப்பொருள் சேர்த்ததால். 'பிரிக்ஸ்' மீட்டர் என்று ஒரு கருவி உண்டு, கரைந்திருப்பதை அளந்து சொல்லும். ஆனால் சீனித் தண்ணீரை விட்டாலும் அது பழச்சாற்றைப் போலவே எண் காட்டும்.

ஆய்வகத்தில் இதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பது ரசிக்கத்தக்க விஷயம். ஆரஞ்சு மரமும் கரும்பும் காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுத்துத்தான் சர்க்கரை செய்கின்றன. ஆனால் இரண்டும் செய்கிற வழி வேறு. அதனால் கரும்புச் சர்க்கரையில் கார்பன்-13 என்ற சற்றே கனமான கரி அணுக்களின் விகிதம் ஆரஞ்சுச் சர்க்கரையில் இருப்பதைவிடக் கூடுதல். அந்த விகிதத்தை அளந்தால், ஜூஸில் கரும்புச் சீனியோ மக்காச்சோளப் பாகோ கலந்திருப்பது தெரிந்துவிடும். ஐரோப்பாவில் சர்க்கரை பீட்ரூட்டிலிருந்து எடுக்கும் சீனி இந்தச் சோதனையில் தப்பிவிடும், ஏனென்றால் அந்தச் செடியும் ஆரஞ்சின் வழியிலேயே சர்க்கரை செய்கிறது. அதையும் பிடிக்க, ஹைட்ரஜன் அணுக்களை வைத்து ஒரு முறையை 1980களில் பிரான்சின் நான்ட் பல்கலைக்கழகத்தில் உருவாக்கினார்கள். முதலில் ஒயினில் சேர்த்த சீனியைக் கண்டறியத்தான் அது பயன்பட்டது, பிறகு ஜூஸுக்கும் வந்தது.

நமக்கு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆவது பிரிவுப்படி, வாங்கியவரே கட்டணம் செலுத்தி உணவு ஆய்வகத்தில் சோதனை செய்துகொள்ளலாம். வாங்கும்போதே கடைக்காரரிடம் இதைச் சொல்லிவிட வேண்டும். ஒரு டப்பாவுக்காக யார் போவார்கள் என்று தோன்றலாம். அபார்ட்மென்ட் சங்கமோ பள்ளிப் பெற்றோர் குழுவோ சேர்ந்து செய்தால் சாத்தியம்.

10. ஜூஸ் கடையில் கண் எதிரே பிழிந்தாலும் கவனம் வேண்டும். மாஸ்டரின் கையைப் பாருங்கள். பழம் நறுக்கிப் பிழிந்து மிக்ஸி ஜாரில் விட்டதும், பக்கத்தில் இருக்கும் பாத்திரத்திலிருந்து ஒரு கரண்டி சீனிப்பாகு, பிறகு ஒரு கை ஐஸ். 300 மி.லி. கிளாஸில் சாறு பாதிகூட இருக்காது. "சீனி வேண்டாம், ஐஸ் வேண்டாம்ணே, பழம் மட்டும் போடுங்க" என்று முன்கூட்டியே சொன்னால் எந்தக் கடையிலும் மறுக்க மாட்டார்கள், விலை கொஞ்சம் கூடலாம். ஐஸை மறுப்பது சுவைக்காக அல்ல. அது எந்தத் தண்ணீரில் உறைந்தது, சாக்கில் எங்கே கிடந்தது என்பது நமக்குத் தெரியாது.

11. எந்தப் பழம் வாங்குவது? ஜூஸுக்குச் சாத்துக்குடியும் கெட்டித் தோல் ஆரஞ்சும் நல்லது, சாறு நிறைய வரும். நாக்பூர் ஆரஞ்சு, குடகு மற்றும் கொடைக்கானல் கீழ்மலைப் பக்கத்துக் கமலா ஆரஞ்சு எல்லாம் தளர்ந்த தோல் வகை, உரித்துத் தின்னவே பிறந்தவை. இவற்றில் வைட்டமின் சி கெட்டித் தோல் ஆரஞ்சில் இருப்பதில் பாதியளவுதான், வாசனையோ இரட்டிப்பு. நிறத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். தோல் ஆரஞ்சு நிறமாக மாற இரவில் குளிர் வேண்டும். நம் சமவெளி வெப்பத்தில் பழுத்த பழமும் பச்சையாகவே நிற்கும். கையில் தூக்கிப் பார்த்து, அளவுக்கு மீறிக் கனமாக இருப்பதை எடுங்கள்.

12. ஜூஸ் கசந்துவிட்டது என்று பழத்தைக் குறை சொல்வதற்கு முன் கொட்டையைக் கவனித்தீர்களா என்று பாருங்கள். கசப்பைத் தரும் லிமோனின் என்ற பொருள் கொட்டையில் அதிகம். மிக்ஸியில் கொட்டையோடு அரைத்தால் முழு ஜூஸும் கெட்டுவிடும். கைப்பிழிவான்தான் சிறந்தது. மிக்ஸிதான் என்றால் கொட்டை எடுத்த சுளைகளைப் போட்டு, விப்பரில் இரண்டு சுற்று மட்டும். தொப்புள் போலக் குழி உள்ள வெளிநாட்டு நேவல் ஆரஞ்சை எவ்வளவு கவனமாகப் பிழிந்தாலும் சிறிது நேரம் வைத்தால் கசக்கும், அதன் இயல்பே அது. பிழிந்த கையோடு குடித்துவிடுங்கள். பெரிய கண் வடிகட்டி போதும், சக்கையில் கொஞ்சம் டம்ளரில் விழட்டும்.

13. பிழிந்து பத்து நிமிடத்துக்குள் குடிக்காவிட்டால் வைட்டமின் எல்லாம் பறந்துவிடும் என்று சொல்வார்கள். அவ்வளவு அவசரம் இல்லை. மூடி ஃப்ரிட்ஜில் வைத்த ஜூஸில் ஒரு நாளில் வைட்டமின் சி குறைவது கொஞ்சம்தான், சாற்றின் புளிப்பே அதைக் காக்கிறது. உண்மையான கவலை கிருமி. 1999இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் சூடுபடுத்தாத ஆரஞ்சு ஜூஸ் வழியாகச் சால்மோனெல்லா பரவிப் பலர் நோயுற்றார்கள். பழத்தை நறுக்கும்போது தோல்மேல் இருப்பது கத்தி வழியே உள்ளே போகும். ஆகவே உரிக்கிற பழமானாலும் ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவிவிட்டு நறுக்குங்கள். ஜூஸை எவர்சில்வர் அல்லது கண்ணாடிப் பாத்திரத்தில் வையுங்கள். ஈயம் பூசாத பித்தளை, செம்பு, அலுமினியம் கூடாது. திறந்த டெட்ரா பேக்கையும் ஃப்ரிட்ஜில் வைத்து, டப்பாவில் போட்டிருக்கும் நாளுக்குள் முடித்துவிடுங்கள்.

14. இரண்டு வயதுக்குள் குழந்தைக்கு ஜூஸ் வேண்டாம் என்பது இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் அறிவுரை. இரண்டிலிருந்து ஐந்து வயது வரை நாளுக்கு 125 மி.லி., அதற்கு மேற்பட்டவர்களுக்கு 250 மி.லி. உச்ச அளவு. அதற்குமேல் தாகம் எடுத்தால் தண்ணீர். பால் புட்டியில் ஜூஸ் ஊற்றி வாயில் வைத்தபடி தூங்கவிடுவது, அரும்பும் பற்களை அரித்துவிடும். பெரியவர்களும் ஜூஸ் குடித்ததும் வாயைக் கொப்பளித்துவிட்டு, அரை மணி நேரம் கழித்துப் பல் துலக்கலாம்.

15. வயிற்றுப்போக்குக்கு ஜூஸ் கொடுக்காதீர்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் ஓ.ஆர்.எஸ். கரைசலில் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான், கூடவே தேவையான உப்பு. ஆரஞ்சுச் சாற்றில் லிட்டருக்கு 80 கிராமுக்கு மேல் சர்க்கரை, உப்பு ஏறக்குறைய இல்லை. இவ்வளவு இனிப்பு குடலில் தண்ணீரை இழுத்துப் போக்கை அதிகமாக்கும். ஆரஞ்சுச் சுவையில், ஓ.ஆர்.எஸ். என்ற பெயரை ஒட்டவைத்து மருந்துக் கடையிலேயே விற்ற இனிப்புப் பானங்களை நம்பிக் குழந்தைகளுக்குக் கொடுத்த தாய்மார்கள் எத்தனையோ பேர். 2025 அக்டோபரில்தான் அந்தப் பெயரை இப்படிப் பயன்படுத்த உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடை போட்டது. பழைய சரக்கு கைக்கு வரலாம். தண்ணீரில் கரைக்கும் பொடிப் பாக்கெட்டை, அதன்மேல் உலக சுகாதார நிறுவனத்தின் அளவு என்று இருப்பதைப் பார்த்துக் கேட்டு வாங்குங்கள்.

16. மருந்து சாப்பிடுபவர்கள் கவனிக்க. இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவருக்குத் திடீரென்று சர்க்கரை இறங்கி வியர்த்துக் கை நடுங்கினால், நினைவோடு இருக்கும்போது 120 மி.லி. ஆரஞ்சு ஜூஸ் உடனே கைகொடுக்கும். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி சோதித்துப் பார்க்க வேண்டும். சிறுநீரகக் கோளாறால் பொட்டாசியம் குறைக்கச் சொல்லப்பட்டவருக்கு இது ஆகாது, குளுக்கோஸ் பொடிதான். இரும்புச்சத்து மாத்திரையை டீ, காபியோடு போடாமல் ஆரஞ்சு ஜூஸோடு போட்டால் இரும்பு உடலில் நன்றாகச் சேரும். அரை எலுமிச்சம்பழம் பிழிந்த தண்ணீரும் இதே வேலையைச் செய்யும், செலவும் குறைவு. தும்மலுக்கும் அரிப்புக்கும் தரும் ஃபெக்ஸோஃபெனடின் மாத்திரையை மட்டும் எந்தப் பழச்சாற்றோடும் விழுங்காதீர்கள், பலன் குறைந்துவிடும். அலுமினியம் ஹைட்ராக்சைடு உள்ள அசிடிட்டி மருந்தைக் குடித்த கையோடும் ஆரஞ்சு ஜூஸ் வேண்டாம். சிட்ரிக் அமிலம் அந்த அலுமினியத்தை ரத்தத்தில் கூடுதலாகச் சேர்க்கும். இரண்டுக்கும் நடுவே சில மணி நேரம் இடைவெளி விடுங்கள்.